எந்த குரூப், சார்?

(திருவண்ணாமலை, ரமணாசிரமம் பகுதியில் அரசுப் பள்ளிப் பெற்றோர் முன் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



செங்கம் சாலையில் பேச வருகிறவர் பகவான் ரமணரைச் சொல்லாமல் தொடங்க முடியாது. படிப்பைப் பற்றிப் பேச வந்த எனக்கு அதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. இந்தச் சாலைக்கே பெயர் வாங்கிக் கொடுத்தவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பையன். 1896 ஆகஸ்டு கடைசி. மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமனுக்கு வயது 16. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதச் சொல்லி வாத்தியார் தண்டனை கொடுத்திருந்தார். அதைப் பாதியில் வைத்துவிட்டு, அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டிய 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டு ரயில் ஏறினார். செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தார்.

அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் படிப்பு பற்றிப் பேசினால், "பகவானே படிப்ப விட்டுட்டுத்தானே சார் வந்தாரு" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் அந்தக் கதையில் எனக்கு அக்கறையுள்ள ஆள் அவருடைய அப்பா. சுந்தரமய்யர் கணக்கெழுதும் குமாஸ்தாவாகத் தொடங்கி, சட்டம் முறையாகப் படிக்காமலே திருச்சுழி கோர்ட்டில் வாதாடும் வக்கீலானவர். அன்றைக்கு அது முடிந்தது. இன்றைக்கு வீட்டுக்கு ஒயரிங் செய்கிறவர்கூட, முறைப்படி வேலை எடுக்க வேண்டுமானால், அரசு நடத்தும் கம்பியாள் உதவியாளர் தேர்வில் தேறிச் சான்றிதழ் காட்ட வேண்டும். எந்தக் காகிதம் எந்தக் கதவைத் திறக்கும், எது திறக்காது என்று பிள்ளைக்குப் பதினைந்து வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டிய காலம் இது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு தலைமை ஆசிரியர் அறை வாசலில் வரிசை நிற்கும். பையன் மார்க் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அம்மா பக்கத்தில், அன்றைய வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருப்பார். "எந்த குரூப்மா வேணும்?" என்று உள்ளே கேட்பார்கள். "எது கிடைக்குதோ அதுல போட்டுடுங்க சார்" என்பார் அம்மா. ஐந்து நிமிடம். மார்க் அதிகமென்றால் ஃபர்ஸ்ட் குரூப், கொஞ்சம் குறைந்தால் பயாலஜி, இன்னும் குறைந்தால் காமர்ஸ், எல்லாவற்றுக்கும் கீழே வொகேஷனல். பையனுக்கு எது பிடிக்கும் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. கேட்டாலும் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

அந்த ஐந்து நிமிடத்தில் என்னென்ன முடிவாகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200 மதிப்பெண். அதில் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பதினொன்றில் கணக்கு எடுக்காத பிள்ளைக்கு அந்த வாசல் பெரும்பாலும் அன்றைக்கே மூடிவிடுகிறது. உயிரியல் எடுக்காதவருக்கு மருத்துவமும் சித்தாவும் பெரும்பாலும் போயிற்று. இன்னொரு பக்கம், சி.ஏ. எழுதக் காமர்ஸ் குரூப் கட்டாயம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் எந்த குரூப் எடுத்துத் தேறினாலும் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதலாம். இப்படி, மூடாத கதவை மூடியதாகவும் மூடிய கதவைத் திறந்ததாகவும் எண்ணிக்கொண்டு பிள்ளைகள் இரண்டு வருஷம் ஓட்டுகிறார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2022 மார்ச் 1ஆம் தேதி 'நான் முதல்வன்' என்ற வழிகாட்டல் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில், பிளஸ் டூ முடிக்கிறவர்களுக்கான 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சி வந்தது. பிளஸ் டூ முடித்தும் எங்கேயும் சேராமல் இருக்கிற பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடக்கின்றன. ஒரு மாநிலம் தன் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு அனுப்பிய பிறகும் வீடு தேடிப் போய்க் கேட்பது சின்ன விஷயமில்லை. 'நான் முதல்வன்' திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு முதலே வழிகாட்டல் உண்டு. ஆனால் பந்தலும் மைக்கும் கூட்டமும் கையேடும் பன்னிரண்டாம் வகுப்புக்குத்தான். என் வருத்தம் இதுதான்: முடிவு எடுக்கிற நாள் பத்தாம் வகுப்பின் கடைசியில் இருக்கிறது, யோசனை சொல்கிற நாள் அதற்கு இரண்டு வருஷம் கழித்து வருகிறது.

வொகேஷனல் குரூப் ஏன் கடைசி வரிசைக்குப் போனது என்பதைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளிக்கு ஒரு மாற்றம் கொண்டுவந்தார். பள்ளியில் தினம் மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். பள்ளிக்கூடம் போதாமல், ஒரே கட்டடத்தில் இரண்டு ஷிஃப்ட் நடத்தலாம் என்பது ஒரு காரணம். ஆனால் சவரத் தொழிலாளி மகனுக்குக் கத்தியும், துணி வெளுப்பவர் மகனுக்கு மூட்டையும்தான் மீதி அரை நாளா என்று மக்கள் கேட்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் வந்ததும் அது போனது. அந்தக் கோபம் நியாயமானது. அதன் நிழல் மட்டும் இன்றைக்கும் விலகவில்லை. கைத்தொழில் சொல்லிக்கொடுக்கிறேன் என்று யார் வந்தாலும், "எங்க புள்ளைய மட்டும் ஏன் சார் இதுல தள்ளுறீங்க?" என்ற கேள்வி தமிழ்நாட்டுப் பெற்றோரின் அடிமனதில் எழுகிறது. எழத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தத் தொழிற்கல்வியும் இங்கே வேர் பிடிக்காது.

1978இல் பழைய பி.யூ.சி. போய், மேல்நிலைப் பள்ளி என்ற பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தது. அதோடு கூடவே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. இயந்திரம், மின்சாரம், வேளாண்மை, செவிலியம், கணக்குத் தணிக்கை, ஆடை வடிவமைப்பு என்று பலவகை. நல்ல தொடக்கம். 1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990க்குள் நூற்றுக்குப் பத்துப் பேரும் 1995க்குள் இருபத்தைந்து பேரும் தொழிற்பிரிவில் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. எழுதி வைத்ததோடு சரி. இங்கே என்ன நடந்ததென்றால், பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகக் கிடந்தது. ஆசிரியர் இல்லாத பிரிவு மெல்ல மூடப்பட்டது. மூடாமல் தப்பிய பிரிவுகளுக்குக் குறைந்த மார்க் எடுத்த பிள்ளைகளை அனுப்பினோம். பிறகு, "வொகேஷனல் பிள்ளைங்க சரியில்லை" என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டோம்.

பயிற்சி மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு வேறொரு உதாரணம். அது நம் ஊரிலேயே இருக்கிறது. எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006இல் ஆணை வந்தது. அதன்பின் ஆறு ஊர்களில் பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள். அண்ணாமலையார் கோயிலும் அதில் ஒன்று. 207 பேர் படித்து முடித்தார்கள். தொழில் பயின்றார்கள், தீட்சை பெற்றார்கள், சான்றிதழும் வாங்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்த பிறகும் வேலை வரவில்லை. 2018இல் மதுரைப் பக்கம் ஒருவருக்கு. 2021 ஆகஸ்டு 14ஆம் தேதிதான் 24 பேருக்குச் சேர்ந்தாற்போல் ஆணை கிடைத்தது. படித்து முடித்து ஏறத்தாழ பதின்மூன்று வருஷம். எந்தப் பாடத்திட்டத்தையும் தொடங்குமுன், படித்து முடிக்கிற பிள்ளையை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று கேட்டுவிட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். 1969இல் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே மின்தொழில் சார்ந்த ஒரு சின்னப் பள்ளியை உருவாக்கினார்கள். 'கேரியர் அகாடமி' என்பார்கள். ஒரு தொழிலைச் சுற்றிக் கணக்கும் மொழியும் அறிவியலும் நடக்கும். ஊரிலுள்ள நிறுவனங்களில் பிள்ளைகள் போய் வேலை பழகுவார்கள். அதே ஆசிரியர் குழுவோடு அதே பிள்ளைகள் மூன்று நான்கு வருஷம் இருப்பார்கள். பிற்பாடு ஒன்பது பள்ளிகளில், விண்ணப்பித்தவர்களில் சீட்டுக் குலுக்கி இடம் கொடுத்து, இடம் கிடைத்தவர் கிடைக்காதவர் என்று ஆயிரத்து எழுநூறு பேருக்கும் மேல் பல ஆண்டுகள் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். பள்ளி முடித்து எட்டு வருஷத்தில், அகாடமியில் இடம் கிடைத்தவர்களின் வருமானம் சராசரியாக நூற்றுக்குப் பதினொன்று கூடுதல். ஆண் பிள்ளைகளிடம் பலன் அதிகம். கவனிக்க வேண்டியது வேறொன்று: பட்டம் வாங்கியதில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. தொழில் கற்றதால் மேற்படிப்பு கெடவில்லை. தொழிலா படிப்பா என்று நாம் எழுபது வருஷமாகப் போடுகிற சண்டைக்கு இது ஓரளவு பதில் சொல்கிறது. அங்கே பிள்ளைகள் விண்ணப்பம் போட்டு, இடத்துக்குக் குலுக்கல் நடத்த வேண்டியிருந்தது. இங்கே மிஞ்சினவர்களை அனுப்புகிறோம்.

இனி நம் தெருவுக்கு வருவோம். இந்தச் சாலையில் ஐந்து நிமிடம் நடந்தால் எத்தனை லாட்ஜ், எத்தனை ஓட்டல், எத்தனை காபிக் கடை! டிசம்பர் வந்தால் வெளிநாட்டுக்காரர்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். இப்போது ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருகிற கூட்டத்துக்காகப் பாதிப் பலகை தெலுங்கில் இருக்கிறது. நம் பிள்ளைகள் இதில் என்ன வேலை செய்கிறார்கள்? ரூம் பாய், சர்வர், ஆட்டோ. சீசனில் நல்ல காசு வரும். அந்தக் காசுதான் பிளஸ் ஒன் படிக்கிற பையனை ஜனவரியில் வகுப்பை விட்டு இழுக்கிறது. ஓட்டல் நடத்துவது ஒரு பட்டப்படிப்பு, அதற்குத் தேசிய அளவில் ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது, சென்னை தரமணியில் மத்திய அரசு நிறுவனமும் திருச்சி துவாக்குடியில் மாநில அரசு நிறுவனமும் இருக்கின்றன என்று இங்கே எத்தனை வீட்டில் தெரியும்? எந்த குரூப் படித்தவரும் எழுதலாம் என்பது எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? கட்டடம் நம் ஊரில், மேனேஜர் வெளியூரிலிருந்து. எனக்கு இது உறுத்துகிறது.

கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி வளர்கிற பிள்ளைகளில் கல்லும் அளவும் பிடித்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். மாமல்லபுரத்தில் 1957இலிருந்து அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி நடக்கிறது. பிளஸ் டூ முடித்துச் சேரலாம், பட்டம் கொடுக்கிறார்கள். ஸ்தபதி வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. குலத்தொழில் பயத்துக்கு நான் தரக்கூடிய பதில் இதுதான்: எந்த வீட்டுப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் பட்டத்தோடு கற்கலாம் என்றால் அந்தத் தொழிலில் சாதி ஒட்டாது.

இதே சாலையில்தான் பெங்களூர் பஸ் போகிறது. செங்கம், கிருஷ்ணகிரி தாண்டி, சித்தாள் வேலைக்கும் சென்ட்ரிங் வேலைக்கும் இந்த மாவட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போகிறவர்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அப்பா அம்மா அங்கே, பிள்ளை இங்கே பாட்டியிடம். அந்தப் பிள்ளைக்கு குரூப் கேட்க யார் வருவார்கள்? பாட்டி வருவார், கைநாட்டு வைப்பார். ஆகவே பெற்றோரைக் கூட்டி வா என்று சொல்கிற பள்ளி, கட்டட வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும் பொங்கல், தீபத் திருவிழா நாட்களை ஒட்டித்தான் கூட்டம் போட வேண்டும். மேல் அதிகாரியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டிய காரியமில்லை இது.

பிள்ளைகளே, இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது முடித்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ, பிறகு பி.இ. நான்கு வருஷம். மொத்தம் ஆறு. பத்தாவது முடித்து நேராகப் பாலிடெக்னிக் மூன்று வருஷம், பிறகு 'லேட்டரல் என்ட்ரி'யில் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று வருஷம். மொத்தம் அதே ஆறு. ஐ.டி.ஐ. இரண்டு வருஷம், அதிலிருந்து பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து இரண்டு வருஷம், பிறகு பி.இ. மூன்று வருஷம். மொத்தம் ஏழு. ஒரே ஒரு வருஷம்தான் கூடுதல். நடுவில் எந்தப் படியில் இறங்கினாலும் கையில் ஒரு சான்றிதழும் ஒரு தொழிலும் இருக்கும். பிளஸ் டூ தொழிற்பிரிவு படித்தவரும் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு சேரலாம். ஐ.டி.ஐ. போனால் படிப்பு முடிந்தது என்று உங்கள் மாமா சொல்வார், அவர் காலத்து நிலவரம் அது. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, சைக்கிள் உண்டு, பஸ் பாஸ் உண்டு. அரமும் ரம்பமும் மட்டும் இருந்த இடத்தில், 71 அரசு ஐ.டி.ஐ.க்களுக்குப் புதிய இயந்திரங்களும் ரோபோவும் கொண்டுவர 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த ஒரே ஆண்டில் மருத்துவம், பல் மருத்துவம் சேர்த்து ஏறத்தாழ 400 இடம் கிடைத்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாவற்றுக்கும் அதை நீட்டினார்கள். பொறியியல் போன்ற படிப்புகளில் அப்படிச் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டிலிருந்து ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன். கல்லூரி போனால் மாதம் ஆயிரம் ரூபாய். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஆறு முதல் பன்னிரண்டு என்ற நிபந்தனை நிற்கிறது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பத்தாவதில் பையன் 450 எடுத்ததும் பெருமையில் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கிறார்கள். ஃபீஸும் போகிறது, ஒதுக்கீடும் போகிறது. அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் யாரும் சொல்லவில்லை. கலந்தாய்வு நேரத்தில் தெரிய வரும்போது ஒன்றும் செய்ய முடியாது.

சான்றிதழ் விஷயமும் அப்படித்தான். வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் போட்டால் வந்துவிடும். பழங்குடிச் சாதிச் சான்று அப்படி வராது. அதைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. தர வேண்டும், விசாரணை நடக்கும், மாதக்கணக்கில் ஆகும். மலையடிவாரத்து இருளர் குடும்பங்களும் ஜவ்வாது மலை மக்களும் இதில் படுகிற பாடு இந்த அவையில் சிலருக்கு நேரடியாகத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பித்தால் பிள்ளையின் ஒரு வருஷம் போய்விடும். ஒன்பதாம் வகுப்பில் விண்ணப்பிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வையும் விட்டுவிடாதீர்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். சீசன் காசுக்காக வகுப்பை விடுகிற பையனுக்கு அது ஈடாகுமா என்றால், முழுக்க ஆகாது. ஆனால் வீட்டில் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

தலைமை ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பகுதியில் ஒரு மாதம், வாரத்துக்கு ஒரு பீரியட். நான் சொன்ன ஆறு வருஷக் கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். ஊரிலுள்ள லாட்ஜ் மேனேஜர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலை பார்க்கும் லேப் டெக்னீஷியன், ஐ.டி.ஐ. ஆசிரியர், ஓர் ஆடிட்டர் அலுவலகப் பெண், இவர்களில் நான்கு பேரைக் கூப்பிட்டு, சம்பளம் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பேச வையுங்கள். வெற்றி பெற்ற கதை சொல்ல ஐ.ஏ.எஸ். அதிகாரிகளைக் கூப்பிட வேண்டாம். பிள்ளைகள் கைதட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பாக, ஜனவரியில், குரூப் விருப்பப் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அதில் மூன்று குரூப் எழுத இடம் விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் என்று ஒரு வரி. ரிசல்ட் வரும்வரை அது வீட்டுச் சுவரில் தொங்கட்டும். பாட்டி கைநாட்டு வைத்தாலும், அதற்கு முன் பேரன் அதைப் படித்துக் காட்டியிருப்பான்.

தொழிற்பிரிவில் ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்கள்தான். அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது, பலர் கூட்டத்துக்கே போவதில்லை. அந்தப் பிரிவில் முதல் பத்து இடத்தை, விரும்பிக் கேட்கிற பிள்ளைகளுக்கு, மார்க் எவ்வளவு இருந்தாலும், முதலில் கொடுத்துப் பாருங்கள். 420 எடுத்த பெண் தானாகக் கேட்டு மின் பொறியியல் பிரிவில் உட்கார்ந்தால் அந்த வகுப்பைப் பார்க்கிற பார்வை மாறும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. படிவத்தின் மாதிரி ஒன்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், மேசையில் இருக்கிறது. சாதிச் சான்று பற்றிக் கேட்க வேண்டியவர்கள் இங்கேயே இருங்கள். ஆர்.டி.ஓ. அலுவலக மனு எழுதத் தெரிந்தவர்கள் இருவர் வந்திருக்கிறார்கள். ரேஷன் கார்டு நகல் கையில் இருந்தால் இன்றைக்கே எழுதிக் கொடுப்பார்கள்.